லேப்டாப் மாறும்போது செட்டிங்ஸ் தொலையாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே எங்கள் ஆபீஸில் லேப்டாப் மாற்றும் வேலை ஓயவில்லை. பழைய மெஷின்களில் பலவற்றில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை, அல்லது பிராசஸர் பழசு. விண்டோஸ் 11 அதில் ஏறாது, புதிதாக வாங்குவதைத் தவிர வழியில்லை. ஒவ்வொருவருக்கும் மாற்றிக் கொடுக்கும்போது அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதில் பாதி, நான் முன்பே கேட்டுச் செய்திருக்க வேண்டியவை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் பற்றித்தான்.

ஃபைல் எல்லாம் ஒன்டிரைவில் பத்திரமாக இருக்கிறது. அப்புறம் செட்டிங்ஸுக்கு எதற்குத் தனியாக பேக்கப்?

இந்தக் கேள்விக்கான பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருக்கும் ஒரு மேடம். பதினோரு வருட வேலை, ஒரு ஃபைல்கூட விடாமல் புதிய லேப்டாப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, முடிந்தது என்று நிம்மதியாக வந்துவிட்டேன். மறுநாள் காலை போன் வந்தது. "எல்லாம் இருக்கு தம்பி, ஆனா என்னோடது எதுவும் இல்லை" என்றார்.

போய்ப் பார்த்தேன். எக்செலில் மேலே அவர் வைத்திருந்த பட்டன்கள் இல்லை. அந்த பட்டன் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த ஒரு மேக்ரோ, அதாவது பல வேலைகளை ஒரே அழுத்தில் செய்யும் சின்ன புரோகிராம், இருந்திருக்கிறது. மெயிலில் இரண்டு எழுத்து அடித்தால் வந்து நிற்கும் முகவரிகள் வரவில்லை. கையெழுத்துப் பகுதி காலி. தமிழ் விசைப்பலகை வேறு. சரி, ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் எல்லாம் சேர்ந்து அவருடைய ஒரு வாரத்தைத் தின்றுவிட்டது. அதிலும் அது மாதக் கடைசி வாரம்.

ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப் பார்த்துக்கொள்வது முக்கியமாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களைத்தான். மேலே சொன்ன எதுவும் அந்த இடங்களில் இல்லை.

அப்படியானால் செட்டிங்ஸ் எல்லாம் எங்கேதான் இருக்கின்றன?

சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஆப்டேட்டா என்று ஒன்று, மறைத்து வைக்கப்பட்டிருக்கும், சாதாரணமாகக் கண்ணில் படாது. அதற்குள் மூன்று: ரோமிங், லோக்கல், லோக்கல்லோ. பெயருக்கு ஏற்றபடி, ஆளோடு போக வேண்டியது ரோமிங்கில், அந்த மெஷினுக்கு மட்டுமானது லோக்கலில் என்பதுதான் கணக்கு. நடைமுறையில் எல்லா மென்பொருளும் இந்தக் கணக்கை மதிப்பதில்லை. குரோமின் முழு புரொஃபைலும் லோக்கலில்தான் இருக்கிறது. அதனால் "ரோமிங்கை மட்டும் எடுத்தால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவை தவிர ரெஜிஸ்ட்ரி, அதாவது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் செட்டிங்ஸை எழுதி வைக்கும் பதிவேடு. ஒவ்வொரு யூசருக்கும் தனியாக உள்ள ரெஜிஸ்ட்ரி பகுதி அதே யூசர் ஃபோல்டரில் என்டியூசர் என்ற மறைவான ஃபைலில் இருக்கிறது. நீங்கள் இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் டிரைவ் முதல் மவுஸ் வேகம் வரை அதில்தான்.

யூசர் ஃபோல்டருக்கு வெளியே இருப்பவற்றை மறந்துவிடாதீர்கள். டேலி இதற்கு நல்ல உதாரணம். அதன் டேட்டா, நிறுவிய விதத்தைப் பொறுத்து, சி டிரைவில் டேலியின் சொந்த ஃபோல்டரிலோ பப்ளிக் ஃபோல்டரிலோ இருக்கலாம், டி டிரைவில் யாராவது மாற்றி வைத்திருக்கலாம். ஊகிக்க வேண்டாம், டேலியைத் திறந்து டேட்டா இருக்கும் பாதையைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

யூசர் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துப் புதியதில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததா?

முடியாது. பேக்கப்பாக முழு ஃபோல்டரையும் எடுத்து வைப்பது நல்லதுதான், எடுங்கள். ஆனால் அதைப் புதிய மெஷினில் மேலே கொட்டுவது வேறு விஷயம். விண்டோஸ் ஆட்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை, ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள எஸ்ஐடி என்ற நீண்ட எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. இரண்டு லேப்டாப்பிலும் ஒரே பெயரில் லோக்கல் கணக்கு (அந்த மெஷினில் மட்டும் உள்ள கணக்கு) வைத்திருந்தாலும் அந்த எண் வேறு, அனுமதிகள் வேறு. பழைய என்டியூசர் ஃபைலைப் புதியதன் மேல் போட்டால், உள்ளே நுழையும்போது "தற்காலிக புரொஃபைல்" என்று காட்டிவிட்டு நிற்கும், டெஸ்க்டாப் காலியாக இருக்கும், யூசருக்கு உயிரே போய்விடும்.

சரியான வழி, எது வேண்டுமோ அதை மட்டும் அதனதன் இடத்தில் வைப்பது. கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை.

குரோம் ஃபோல்டரை காப்பி செய்தேன். புக்மார்க் வந்துவிட்டது, பாஸ்வேர்டு மட்டும் வரவில்லை. ஏன்?

ஏனென்றால் அவை பூட்டப்பட்டிருக்கின்றன, சாவி உங்கள் விண்டோஸ் லாகினோடு கட்டப்பட்டிருக்கிறது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகலாம், சாவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. லேப்டாப்பைத் திருடியவன் டிஸ்க்கைக் கழற்றி எல்லா பாஸ்வேர்டையும் படித்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. குறை சொல்ல எதுவுமில்லை.

வேலைக்கான வழி: பழைய மெஷின் உயிரோடு இருக்கும்போதே, ஆபீஸ் கொடுத்த கணக்கில் எட்ஜ் அல்லது குரோமில் லாகின் செய்து சிங்க் போட்டுவிடுவது. ஆபீஸ் பாஸ்வேர்டுகளைச் சொந்த ஜிமெயிலுக்குள் சிங்க் செய்யாதீர்கள், வேலையை விட்டுப் போகும்போது அதுவே பெரிய தலைவலி. சிங்க் அனுமதி இல்லாத ஆபீஸ் என்றால் பாஸ்வேர்டு பட்டியலை ஏற்றுமதி செய்யலாம். ஆனால் ஏற்றுமதியாகும் அந்த ஃபைல் யார் திறந்தாலும் அப்படியே படிக்கும் வெறும் எழுத்து. புதிய மெஷினில் இறக்கியதும் இரண்டு பக்கமும், ரீசைக்கிள் பின் உட்பட, அழித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். மெயிலில் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு ஆபத்து. லோக்கல் கணக்கு வைத்திருப்பவர் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்று அட்மின் உள்ளே போய் ரீசெட் செய்தால், அந்தக் கணக்கில் விண்டோஸ் பூட்டி வைத்திருந்த பல விஷயங்கள் திறக்காமல் போய்விடும். சேமித்த பாஸ்வேர்டுகள் போகும், விண்டோஸே என்கிரிப்ட் செய்து வைத்த ஃபைல்களும் போகலாம். பேக்கப் எடுப்பதற்கு முன் "நான் ரீசெட் செய்துவிட்டு உள்ளே போய்க்கொள்கிறேன்" என்ற யோசனையே வேண்டாம். யூசரை வரவழைத்து, அவரையே பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லுங்கள்.

அவுட்லுக்கில் என்னென்ன எடுக்க வேண்டும்?

முதலில் உங்கள் மெயில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்ஸ்சேஞ்ச் என்றால் மெயில் சர்வரில் இருக்கிறது, லேப்டாப்பில் இருக்கும் ஓஎஸ்டி ஃபைல் அதன் நகல் மட்டுமே. அதை காப்பி செய்வது வீண், புதிய மெஷினில் தானே உருவாகிக்கொள்ளும். பிஎஸ்டி ஃபைல் அப்படி அல்ல. பாப் முறையில் மெயில் இறக்குபவர்கள், பழைய மெயிலை ஆர்க்கைவ் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு பிஎஸ்டி ஒன்றுதான் அசல், உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. ஒருவரிடம் நான்கைந்து பிஎஸ்டிகூட இருக்கும், ஒவ்வொன்றும் வெவ்வேறு ஃபோல்டரில். அக்கவுன்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் எல்லாவற்றின் பாதையும் வரிசையாகத் தெரியும். அவுட்லுக்கை மூடிவிட்டுத்தான் காப்பி செய்ய வேண்டும், திறந்திருந்தால் ஃபைல் பூட்டியிருக்கும். பெரிய பிஎஸ்டியை ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு சிங்க் முடிவதற்குக் காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு முறை மெயில் வரும்போதும் அந்த ஃபைல் மாறும், மறுபடி மேலே ஏறத் தொடங்கும்.

அடுத்து கையெழுத்து. ரோமிங்கில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் சிக்னேச்சர்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதை முழுதாக எடுங்கள், கம்பெனி லோகோ படம் உள்ள துணை ஃபோல்டரும் அதற்குள்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365-இன் சமீபத்திய பதிப்புகளில் கையெழுத்து மெயில்பாக்ஸிலேயே சேமிக்கப்பட்டு தானாக வந்துவிடுகிறது. வந்தாலும் பரவாயில்லை, எடுத்து வையுங்கள்.

மெயில் வடிகட்டும் விதிகள் எக்ஸ்சேஞ்சில் சர்வரோடு இருக்கும். பாப் கணக்குக்காரர்கள் ரூல்ஸ் பெட்டியில் ஆப்ஷன்ஸ் போய் ஏற்றுமதி செய்ய வேண்டும்.

கடைசியாக, "டு" கட்டத்தில் இரண்டு எழுத்து அடித்ததும் வந்து விழும் அந்தப் பெயர்கள். மெயிலே தொலைந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட மாட்டார்கள், இது போனால் போன் மேல் போன். பலருக்கு இதுதான் உண்மையான முகவரிப் புத்தகம், தனியாக கான்டாக்ட்ஸில் ஏற்றி வைத்தவர்கள் அபூர்வம். பழைய அவுட்லுக் இதை லோக்கலில் அவுட்லுக் ஃபோல்டருக்குள் ரோம்கேஷ் என்ற இடத்தில் ஸ்ட்ரீம் ஆட்டோகம்ப்ளீட் என்று தொடங்கும் ஃபைலாக வைக்கிறது. புதிய மெஷினில் அவுட்லுக்கைத் திறந்து ஒரு மெயில் அனுப்பி மூடினால் அங்கே புதிதாக ஒரு ஃபைல் பிறக்கும். அதன் பெயரைக் குறித்துக்கொண்டு, அதை ஒதுக்கிவிட்டு, பழைய ஃபைலுக்கு அந்தப் பெயரை வைத்து அங்கே போட வேண்டும். எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு இந்தப் பட்டியல் மெயில்பாக்ஸிலும் இருப்பதால் பெரும்பாலும் தானே வந்துவிடும்.

எக்செல், வேர்டில்?

எக்செல் மேக்ரோ வைத்திருப்பவர்களுக்கு பெர்சனல் என்ற பெயரில் மறைவாகத் திறக்கும் ஒரு ஒர்க்புக் உண்டு, ரோமிங்கில் எக்செல் ஃபோல்டரில் எக்ஸ்எல்ஸ்டார்ட் என்பதற்குள் இருக்கும். மேக்ரோ என்ற சொல்லையே கேள்விப்படாதவரிடமும் இது இருக்கும். "இந்த பட்டனை அழுத்தினா ஷீட் சரியாயிடும் சார்" என்று அவர் சொன்னால், அதுதான் இது. மேலே உள்ள பட்டன் வரிசையையும் ரிப்பனையும் ஆப்ஷன்ஸில் இருந்து தனி ஃபைலாக ஏற்றுமதி செய்யலாம், ஒரு நிமிட வேலை.

வேர்டில் நார்மல் டெம்ப்ளேட், ரோமிங்கில் மைக்ரோசாஃப்டுக்குள் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர். ஆளுடைய சொந்த அகராதி யூப்ரூஃப் என்ற ஃபோல்டரில். சட்டம், மருத்துவம் எழுதுபவர்கள் பல ஆண்டுகளாக அதில் சொற்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். அந்த ஃபைல் போனால் எழுதும் பக்கமெல்லாம் சிவப்புக் கோடு.

தமிழ் தட்டச்சும் ஃபான்ட்டும் என்ன ஆகும்?

இதற்குப் பதில் தமிழில் எழுதி வைப்பவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் விசைப்பலகை. ஒருவர் தமிழ் 99-இல் அடிப்பார், ஒருவர் டைப்ரைட்டர் முறையில், இளையவர்கள் ஒலிப்பு முறையில். இன்னும் பலர் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று தனி மென்பொருள் வைத்திருப்பார்கள். பழைய மெஷினில் கடிகாரத்தின் அருகே உள்ள ஐகானை அழுத்திப் பார்த்து எது என்று எழுதிக்கொள்ளுங்கள். மாற்ற எந்தக் குறுக்கு விசை என்பதையும் சேர்த்து. ஆல்ட்டும் 2-ம் அழுத்திப் பழகிய விரலுக்கு விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் என்று சொல்லிக்கொடுக்க முடியாது, அந்த மனிதர் நாற்பது பக்க அறிக்கையை அன்று மாலைக்குள் முடிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஃபான்ட். யூனிகோடுக்கு முன் தட்டச்சு செய்த ஆவணங்கள், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை, நம் ஆபீஸ்களில் இன்றும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் உண்மையில் பதிவாகியிருப்பது தமிழ் எழுத்து அல்ல, ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், அந்த ஃபான்ட்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் இருக்கிறார்கள். அழிக்காதீர்கள், ஃபான்ட்டை நிறுவினால் எல்லாம் திரும்ப வரும்.

அந்த ஃபான்ட்டை எங்கிருந்து எடுப்பது? விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள ஃபான்ட்ஸ் என்பதை மட்டும் காப்பி செய்தால் போதாது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, அட்மின் உரிமை இல்லாத ஒருவர் தனக்கு மட்டும் ஃபான்ட் போட்டுக்கொள்ள முடியும், அப்படிப் போட்டவை அவருடைய ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் போய் உட்காரும். இரண்டு இடத்திலிருந்தும் எடுங்கள். புதியதில் ஃபைலை வெறுமனே அந்த ஃபோல்டரில் போட்டால் விண்டோஸுக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து நிறுவ வேண்டும், எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்வு செய்து ஒரே முறையிலும் நிறுவலாம்.

ஜிஎஸ்டி, வருமான வரிக்குப் பயன்படுத்தும் டிஜிட்டல் கையெழுத்தை பேக்கப் எடுக்க முடியுமா?

முடியாது, முடியவும் கூடாது. சாவி, பென் டிரைவ் மாதிரி இருக்கும் யூஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே எடுக்க முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. நீங்கள் கொண்டுபோக வேண்டியது டோக்கனையும் அதன் பாஸ்வேர்டையும்தான். புதிய லேப்டாப்பில் டோக்கனுக்குரிய டிரைவரை நிறுவ வேண்டும், அதற்குப் பிறகு ஜிஎஸ்டி தளத்துக்கு எம்சைனர், வருமான வரித் தளத்துக்கு எம்பிரிட்ஜ் என்ற மென்பொருள்கள். பாஸ்வேர்டு தெரியாமல் ஊகித்து அடித்துப் பார்க்காதீர்கள், சில தவறுக்குப் பின் டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

ஜிஎஸ்டி ரிட்டர்ன்களில் ஜிஎஸ்டிஆர்-1 மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்குக் கடைசி நாள் 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20-ஆம் தேதி. இந்த இரண்டு தேதிகளை ஒட்டி அக்கவுன்ட்ஸ் ஆட்களின் லேப்டாப்பைத் தொடாதீர்கள். எந்த மேனேஜர் அவசரப்படுத்தினாலும் சரி.

வைஃபை, பிரிண்டர், நெட்வொர்க் டிரைவ்?

வைஃபை புரொஃபைல்களை நெட்ஷெல் கட்டளையில் ஏற்றுமதி செய்து மறுபக்கம் இறக்கலாம். சாவியோடு எடுத்தால் பாஸ்வேர்டு அந்த ஃபைலில் வெளிப்படையாக இருக்கும், கவனம். நெட்வொர்க் டிரைவுக்கு எந்த எழுத்து எந்தப் பாதை என்று ஒரு போட்டோ எடுத்தால் போதும். ஆனால் எழுத்து மாறக்கூடாது. இசட் டிரைவ் ஒய் டிரைவாக மாறினால் எக்செலில் உள்ள லிங்க்குகள் அறுந்துவிடும். பிரிண்டரைப் புதிதாகச் சேர்ப்பதே சுலபம்.

சர்வர்களுக்குச் சேமித்த யூசர்நேம் பாஸ்வேர்டுக்கு, கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தில் பேக்கப் பட்டன் ஒன்று இருக்கிறது, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைலாகத் தரும். பலரும் அதைக் கவனித்ததே இல்லை.

ஸ்டிக்கி நோட்ஸ்?

கேட்டதற்கு நன்றி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தால் வந்துவிடும். இல்லையென்றால் மஞ்சள் சீட்டுகள் எல்லாம் ஆப்டேட்டாவில் பேக்கேஜஸ் என்பதன் உள்ளே ஒரு சின்ன டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கின்றன, பெயர் பிளம். அதில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வங்கி கிளைக்காரரின் எண், சர்வர் பாஸ்வேர்டு, மகளின் ஸ்கூல் அட்மிஷன் நம்பர். அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. நீங்கள் கேளுங்கள்.

இதையெல்லாம் தானாகச் செய்யும் டூல் இல்லையா?

விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று கூடவே வந்தது, விண்டோஸ் 10-இல் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான், சாதாரண ஆட்கள் தாங்களே செய்துகொள்ளும்படி இருந்தது.

நிறைய லேப்டாப் மாற்றும் அட்மின்களுக்கு யூஎஸ்எம்டி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஏடிகே தொகுப்பில் வரும். பழைய மெஷினில் ஸ்கேன்ஸ்டேட் ஓடி எல்லாவற்றையும் திரட்டும், புதியதில் லோட்ஸ்டேட் ஓடி இறக்கும், எதை எடுக்க எதை விட என்பதை எக்ஸ்எம்எல் ஃபைல்களில் நாமே எழுதலாம், திரட்டியதை என்கிரிப்ட் செய்தும் வைக்கலாம். இருபது லேப்டாப்புக்கு மேல் என்றால் இதைக் கற்றுக்கொள்ளச் செலவாகும் இரண்டு நாள் நல்ல செலவு. ஆனால் அது மென்பொருளை நிறுவித் தராது, டிரைவர், லோக்கல் பிரிண்டர், பாஸ்வேர்டுகள் இவற்றையும் கொண்டுவராது.

விண்டோஸ் பேக்கப் என்ற ஆப் சொந்தக் கணக்குக்காரர்களுக்கானது. நிறுவனங்களுக்கென்று தனியாக ஒன்றை 2025-இல் கொண்டுவந்தார்கள், என்ட்ரா என்ற மைக்ரோசாஃப்டின் நிறுவனக் கணக்கில் உள்ள மெஷின்களுக்கு விண்டோஸ் செட்டிங்ஸையும் ஸ்டோர் ஆப்களின் பட்டியலையும் காத்து வைக்கும். நல்ல தொடக்கம். ஆனால் எக்செல் மேக்ரோவும் பாமினி ஃபான்ட்டும் அதற்குத் தெரியாது, அந்த இடத்தில் மனிதர்தான் வேண்டும்.

ரோபோகாப்பி பயன்படுத்தலாமா?

விண்டோஸோடு வரும் காப்பி கட்டளை அது. நான் தினமும் பயன்படுத்துகிறேன், அறுந்துபோன காப்பியைத் தொடரும், பதிவு எழுதும். இரண்டு எச்சரிக்கை. ஆப்டேட்டா போன்ற இடங்களில் ஒன்றையே திருப்பிக் காட்டும் ஜங்ஷன்கள் உண்டு, அவற்றைத் தவிர்க்கும் சுவிட்சைப் போடாவிட்டால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, மிரர் சுவிட்ச். மூலத்தில் இல்லாத எல்லாவற்றையும் இலக்கிலிருந்து அழிப்பதுதான் அதன் வேலை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மூலத்தையும் இலக்கையும் மாற்றி அடித்துவிட்டேன். காலியாக இருந்த புதிய ஃபோல்டர் மாதிரியே பழையதும் காலியானது. ஒரு இன்ஜினியருடைய மூன்று வருட வரைபடங்கள். ஒரு பகுதியை மீட்டோம், எல்லாவற்றையும் அல்ல. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து பேக்கப் வேலைக்கு நான் மிரர் போடுவதே இல்லை.

பேக்கப்பை எதில் வைப்பது? பென் டிரைவ் போதுமா?

பென் டிரைவ் தொலையும். தொலைந்தால் அதில் ஒருவருடைய முழு ஆபீஸ் வாழ்க்கையும் இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி, பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டுப் பூட்டியது, இன்னொரு பிரதி சர்வரில். காப்பி முடிந்தது என்று திரை சொன்னால் நம்பிவிடாதீர்கள். வேறொரு மெஷினில் செருகி நான்கு ஃபைலையாவது திறந்து பாருங்கள், அதில் ஒன்று பிஎஸ்டி ஆக இருக்கட்டும்.

ஆட்களின் குடும்பப் போட்டோக்களும் இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கக்கூடாது என்று சட்டம் பேசலாம், ஆனால் இருக்கும். முதலிலேயே சொல்லி, அவர்களே எடுத்துக்கொள்ள ஒரு நாள் கொடுங்கள். நீங்கள் திறந்து பார்க்காதீர்கள்.

ரீஸ்டோர் செய்யும்போது எந்த வரிசை?

யூசரைப் புதிய மெஷினில் ஒருமுறை லாகின் செய்ய வையுங்கள், அப்போதுதான் அவருடைய புரொஃபைல் உருவாகும். பிறகு அப்டேட்கள், மென்பொருள்கள். ஒவ்வொரு மென்பொருளையும் ஒருமுறை திறந்து மூடுங்கள், ஃபோல்டர்கள் தானே பிறக்கும். அதற்குப் பிறகுதான் பழைய செட்டிங்ஸ். இந்த வரிசை தப்பினால், நீங்கள் வைத்த ஃபைலின் மேல் மென்பொருள் தன் புதிய காலி ஃபைலை எழுதிவிடக்கூடும். டெஸ்க்டாப் ஐகான்களின் இடத்தையும் டாஸ்க்பார் வரிசையையும் பழையதில் போட்டோ எடுத்துக் கையால் வைத்துவிடுவதே வேகம்.

எல்லாம் முடிந்ததும் அவரை உட்கார வைத்து, "நேத்து செஞ்ச வேலையை இப்ப ஒருமுறை செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். கால் மணி நேரம். நான் பட்டியல் போட்டு மறந்தவற்றில் பெரும்பகுதி இந்தக் கால் மணி நேரத்தில்தான் வெளியே வருகிறது.

பழைய லேப்டாப்பை எப்போது அழிக்கலாம்?

ஒரு முழு மாதமாவது கழித்து. மாதத்தில் ஒரே நாள் திறக்கும் ஃபைல், ஒரே நாள் போகும் தளம் என்று எல்லாருக்கும் உண்டு. மார்ச் மாதத்தில் மாற்றினால் ஆடிட் முடியும்வரை அப்படியே பீரோவில் இருக்கட்டும். இடம் இல்லை என்றால் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பெயர் ஒட்டி வையுங்கள், பிட்லாக்கர் போட்ட டிஸ்க் என்றால் அதன் சாவியையும் சேர்த்து.

லேப்டாப் திடீரென்று செத்துவிட்டது. பேக்கப்பே எடுக்கவில்லை.

டிஸ்க் நல்லபடியாக இருந்தால் கழற்றி வேறொரு மெஷினில் யூஎஸ்பி கேஸ் மூலம் செருகலாம். அப்போது பிட்லாக்கர் கேட்கும் 48 இலக்க மீட்பு எண், அது இல்லையென்றால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பல புதிய லேப்டாப்களில் இந்தப் பூட்டு யாரும் கேட்காமலே போடப்பட்டிருக்கிறது. ஆபீஸ் கணக்கில் சேர்த்த மெஷின் என்றால் எண் அட்மினிடம் இருக்கலாம், சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்திருந்தால் அங்கே இருக்கலாம். நல்லபடி இயங்கும் இன்றைக்கே தேடிப் பார்த்து, லேப்டாப் அல்லாத இடத்தில் எழுதி வையுங்கள். டிஸ்க் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்ட மெல்லிய மாடல்களில் கழற்றும் வழியும் கிடையாது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு?

மேக்கின் பேக்கப்பான டைம் மெஷின் போட்டு வைத்திருந்தால், அதோடு வரும் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் பெரும்பாலும் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும். இந்த விஷயத்தில் அவர்களுக்கு வேலை குறைவு.

நான் ஐடி ஆள் இல்லை. இன்றைக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்தால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் சிக்னேச்சர்ஸ், டெம்ப்ளேட்ஸ், எக்செல், யூப்ரூஃப் இந்த நான்கையும் டாக்குமென்ட்ஸில் ஒரு புதிய ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். பிரவுசர் புக்மார்க்கை ஏற்றுமதி செய்து அதே இடத்தில் வையுங்கள். டாஸ்க்பார், நெட்வொர்க் டிரைவ், விசைப்பலகை ஐகான் மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அங்கேயே போடுங்கள். டாக்குமென்ட்ஸ் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் அது தானே மேலே போய்விடும், இல்லையென்றால் ஐடி டீமிடம் போய் இந்த ஃபோல்டரை சர்வரில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபோல்டரின் பெயரில் இன்றைய தேதியைச் சேர்த்துவிடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது எது புதியது என்று தேட வேண்டியிருக்காது.